பெயரடையும் கேன்டீன் அடையும்

கேள்வி: மயிலாப்பூர் சபாவில் கச்சேரி இழுத்தால் ‘ஐ ஆம் போரிங்’ என்று சொல்லலாமா?

பதில்: சொன்னால் பாடகர் தப்பித்துவிடுவார், சொன்னவர் மாட்டிக்கொள்வார். அதற்கு ‘நான் ஒரு அறுவை’ என்றுதான் பொருள். ‘ஐ.என்.ஜி.’யில் முடியும் பெயரடை சலிப்பைத் தருபவரைக் குறிக்கும்; ‘ஈ.டி.’யில் முடிவது அதை அனுபவிப்பவரை. எனவே கச்சேரி ‘போரிங்’, ரசிகர் ‘போர்ட்’.

தவறின் வேர் தமிழில் இருக்கிறது. ‘எனக்கு போர் அடிக்கிறது’ என்பதில் ‘எனக்கு’ நான்காம் வேற்றுமை. ஆங்கிலத்துக்குப் போகும்போது அது ‘ஐ’ என்ற எழுவாயாகிறது; ‘கிறது’ என்பதை ‘இங்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். ‘சலிப்பூட்டும் கச்சேரி’, ‘சலித்துப்போன ரசிகர்’ என்று முதலில் தமிழில் பிரித்துப் பார்த்தால் குழப்பமே வராது.

மார்கழி கேன்டீனிலும் இதே இலக்கணம்தான்: தட்டில் வரும் அடை ‘டெம்ப்டிங்’, க்யூவில் நிற்பவர் ‘டெம்ப்டட்’.