செக்ரட்டரி அண்ணனுக்கு வயது 29

2003ஆம் வருஷத்து தேசிய இளைஞர் கொள்கைப்படி 13 முதல் 35 வயது வரை உள்ளவரெல்லாம் இளைஞர். 2014இல் வந்த புதிய கொள்கை அதை 15 முதல் 29 வரை என்று வெட்டிச் சுருக்கிவிட்டது. இதனால் நாட்டில் வேறு யாருக்கு என்ன நஷ்டமோ தெரியாது, எங்கள் ஊர் இளைஞர் நற்பணி மன்றத்தின் செக்ரட்டரிக்குப் பெரிய அநியாயம் நடந்துவிட்டது. அப்போது அவருக்கு 34. முறைப்படி இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருந்தது. டெல்லிக்காரர்கள் ராவோடு ராவாக அவரை இளமையிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

அவர் இறங்கவில்லை. "அது ஆபீஸ் கணக்கு தம்பி. ஊர்க்கணக்குன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார். ஊர்க்கணக்குப்படி, ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் எவன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறானோ அவன் இளைஞன். பிளஸ் டூ படிக்கிற அவருடைய மகனும் இப்போது மன்றத்தில் உறுப்பினர். போன பொதுக்குழுவில் பையன் எழுந்து, "செயலாளர் அவர்கள் வரவு செலவுக் கணக்கை வாசிக்கணும்" என்றான். செயலாளர் அவர்கள், "வீட்டுக்கு வா, வாசிக்கிறேன்" என்றார்.

புதுக்கோட்டைப் பக்கம் எந்த ஊரில் இறங்கினாலும் இவரைப் பார்க்கலாம். பெயர்தான் மாறும். வெள்ளைச் சட்டை, மேல் பையில் இரண்டு பேனா. ஒன்று எழுதும், மற்றது எழுதாது, அது இரவல் கேட்கிறவர்களுக்கு. பைக்கின் பக்கப் பெட்டியைத் திறந்தால் ரப்பர் ஸ்டாம்ப், மை காய்ந்த பேடு, விசில், கோலமாவுப் பொட்டலம், நூறடிக் கயிறு, ஒரு சுருள் இன்சுலேஷன் டேப். கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் அந்த டேப்புக்கு ஏதாவது ஒரு வேலை இருக்கும். டேப் போகிற இடத்துக்கு அவரும் போவார்.

மன்றம் முறையாகப் பதிவு பெற்றது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975, சங்கம் வைக்க ஏழு பேர் இருந்தால் போதும் என்கிறது. எங்கள் ஏழு பேரில் இருவர் சிங்கப்பூரில், ஒருவர் திருப்பூரில், ஒருவர் மாமனார் வீட்டோடு. தலைவர் காண்ட்ராக்டர், பந்தல் செலவு அவர் தலையில் விழ வேண்டும் என்பதற்காகவே தலைவர். பொருளாளரிடம் பொருள் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. மிச்சம் செக்ரட்டரி. மினிட் நோட்டில் 'சென்ற கூட்ட நடவடிக்கைகள் வாசிக்கப்பட்டு ஏகமனதாக ஏற்கப்பட்டன' என்று பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். அந்த ஏக மனது அவருடையதுதான்.

மார்கழி பாதி போனதும் ரசீதுப் புத்தகம் வெளியே வரும். வசூல் என்பது ஒரு கலை, அதை அவரோடு நாலு தெரு நடந்தால்தான் கற்கலாம். மருமகன் வந்திருக்கிற வீட்டுக்கு அன்று சாயங்காலமே போய்விட வேண்டும். மாப்பிள்ளை எதிரில் எந்த மாமனாரும் ஆயிரத்துக்குக் குறைத்து எழுத மாட்டார். வெளியூரில் வேலை பார்க்கிறவரைப் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பிடிக்கக் கூடாது, ஒரு காபி குடிக்க விட வேண்டும். உள்ளூரில் இருக்கிறவர்கள்தான் கஷ்டம்.

"சித்தப்பா, போன வருஷம் ஐந்நூறு போட்டீங்க."

"போன வருஷம் வெள்ளாமை வெளஞ்சுச்சுப்பா."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க."

சித்தப்பா சிரித்துவிட்டால் ஐந்நூறு. சிரிக்காவிட்டால் செக்ரட்டரி சித்தியைக் கூப்பிடுவார்.

பணம் சேர்ந்ததும் நோட்டீஸ். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, சிறப்பு விருந்தினர், பரிசளிப்பவர்கள், நன்றியுரை. இவற்றுள் 'முன்னிலை' மட்டும் இல்லாவிட்டால் தமிழ்நாட்டில் பாதி ஊர்களில் விழாவே நடக்காது. அதன் கீழே இருபது பேரை அடுக்கலாம், ஒருவருக்கும் ஒரு வேலையும் கிடையாது. யார் பெயர் முதலில் என்ற தகராறைத் தவிர்க்க செக்ரட்டரி இனிஷியல் வரிசையில் போட்டுப் பார்த்தார். அந்த வருஷம் ஊரில் மூன்று பேர் தாத்தா பெயரையும் சேர்த்து இரட்டை இனிஷியல் ஆனார்கள்.

நோட்டீஸில் யார் பெயர் இருக்கிறது என்று ஊர் பார்க்கும். எந்தத் தெருக்காரர் பெயர் இல்லை என்று பார்த்தால் ஊரின் கதை இன்னும் நன்றாகத் தெரியும். எங்கள் கபடி அணியில் பாடி வருவதில் கெட்டிக்காரப் பையன் காலனிக்காரன். அவன் இல்லாமல் இரண்டாவது சுற்றைத் தாண்ட முடியாது என்பது ஊருக்கே தெரியும். ஆனால் நோட்டீஸில் மட்டும் ஆறு பேர்தான் ஆடுவார்கள். ஒரு வருஷம் செக்ரட்டரி அவன் பெயரையும் அவன் அப்பா பெயரையும் அச்சில் ஏற்றிவிட்டார். இரண்டு பெரிய நன்கொடைகள் திரும்பிப் போயின. அவர் யாரிடமும் ஒன்றும் பேசவில்லை. துண்டு விழுந்த தொகைக்குத் தன் பெயரிலேயே ரசீது எழுதி, ஸ்டாம்ப் அடித்து, கிழித்துத் தன் பையிலேயே வைத்துக்கொண்டார். மனைவியிடம் என்ன சொன்னார் என்பது மினிட் நோட்டில் இல்லை.

நாட்டுக்கு இளைஞர் தினம் ஜனவரி 12, விவேகானந்தர் பிறந்தநாள். 1985 முதல் கொண்டாடுகிறார்கள். எங்கள் மன்றத்தில் அன்றைக்கு யாருக்கும் கை ஒழியாது, பந்தக்கால் நடுவார்கள். பொங்கல் விழாவில் விவேகானந்தருக்கும் சேர்த்து ஒரு மாலை.

விழா அன்று அவர் மைக்கைப் பிடித்ததும் தமிழ் மாறிவிடும். அதுவரை "டேய், அந்த வண்டிய எடுங்கடா" என்று கத்திக்கொண்டிருந்தவர், "சிவப்பு நிற இருசக்கர வாகனத்தின் உரிமையாளர் எங்கிருந்தாலும் உடனடியாக விழா மேடைக்கு வரும்படி அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்" என்பார். உரிமையாளர் மேடைக்குப் பக்கத்தில்தான் நிற்பான். முன்னே சொன்னபோது நகராதவன் இப்போது ஓடிப்போய் எடுப்பான்.

சாக்கு ஓட்டம், ஸ்லோ சைக்கிள், எலுமிச்சம்பழம், ஊசியில் நூல் கோர்த்தல் எல்லாம் மதியத்துக்குள் முடிந்துவிடும். ஆபத்தான ஆட்டம் எது என்று கேட்டால் பலர் வழுக்கு மரம் என்பார்கள். இல்லை. வழுக்கு மரத்தில் விளக்கெண்ணெயையும் கற்றாழையையும்தான் பூசுகிறோம், விழுந்தால் மணலில்தான் விழுவான். ஆபத்தானது பெண்களுக்கான மியூசிக்கல் சேர். பாட்டை நிறுத்துகிறவன் எந்த நேரத்தில் நிறுத்தினாலும் குறைந்தது ஒரு குடும்பம் அடுத்த பொங்கல்வரை அவனோடு பேசாது. ஆகவே செக்ரட்டரி அவனை நாற்காலிகளுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார வைப்பார். போன வருஷம் அதிலும் குற்றம் கண்டுபிடித்தார்கள்: சுவரில் நிழல் தெரிந்ததாம். (இளைஞர் மன்றம் என்கிறோமே தவிர, பெண்பிள்ளைகளுக்கு இதில் கோலப்போட்டியும் இந்த நாற்காலியும்தான் கொடுத்திருக்கிறோம். அந்த நாற்காலியையும் ஒவ்வொன்றாக எடுத்துவிடுகிறோம்.)

ஆறுதல் பரிசு சோப்பு டப்பா. மொத்தமாக வாங்கினால் மலிவு என்று ஒரு முறை வாங்கியது இன்னும் தீரவில்லை. எங்கள் ஊரில் சோப்பு இல்லாத வீடு உண்டு, சோப்பு டப்பா இல்லாத வீடு கிடையாது.

பொழுது சாய்ந்ததும் கபடி. களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். செக்ரட்டரி கயிற்றைப் பிடித்து, கோலமாவால் கோடு போடுவார். நானும் பதினேழு வயதில் அந்தக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தவன், கோடு கோணினால் "ஏன்டா, உன் மாமியா வீட்டுக்கா வழி போடுறே?" என்பார். அறுபது கிலோ எடைப் பிரிவு என்று போட்டிருப்பதால் நெல் வியாபாரியின் மெஷின் வந்துவிடும். அறுபதரை காட்டினவன் சட்டையைக் கழற்றுவான், அரைஞாண் கயிற்றைக் கழற்றுவான், கடைசியில் கண்மாய்க் கரையை இரண்டு சுற்று ஓடிவிட்டு வந்து மறுபடி ஏறுவான். விதிப்படி ஒருவன் பாடி வர 30 விநாடி. அந்த 30 விநாடி எவ்வளவு நேரம் என்பது, அவனுடைய மச்சான்மார் எந்தப் பக்கக் கோட்டில் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. தகராறு முற்றினால் செக்ரட்டரி விசிலை ஊதிக்கொண்டு நடுவில் வந்து நிற்பார். ஊதுகிறவரை யாரும் பேச முடியாது. மூச்சு முட்டி அவர் நிறுத்தும்போது எல்லாருக்கும் கோபம் பாதி இறங்கியிருக்கும்.

முதல் பரிசுக் கிடாயை மேடைக்காலில் கட்டியிருப்பார்கள். சிறப்பு விருந்தினர் ராத்திரி ஒரு மணிக்கு வருவார். ஒரு வருஷம் அவருக்கு வைத்திருந்த மாலையைக் கிடாய் பாதி தின்றுவிட்டது. மீதியைச் செக்ரட்டரி சுருக்கிக் கட்டி, "காலத்தின் அருமை கருதி" என்று ஆரம்பித்து, கழுத்தில் போட்டுவிட்டார். விருந்தினர் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார். நன்றியுரையைக் கேட்க கிடாய் மட்டும் இருந்தது.

பொங்கல் முடிந்தால் மன்றம் கேரம் போர்டாகச் சுருங்கிவிடும். நடுவில் ஊருணியில் சீமைக்கருவேலம் வெட்டுகிற பணி உண்டு. முதல் நாள் நாற்பது பேர் அரிவாளோடு வருவார்கள், போட்டோ எடுப்பார்கள், முள் குத்தும். இரண்டாம் நாள் எட்டுப் பேர். மூன்றாம் நாள் யாரோ ஜேசிபி கொடுத்து உதவ, நாற்பது பேரும் வேடிக்கை பார்க்கத் திரும்பி வந்துவிடுவார்கள்.

ரத்ததான முகாமில்தான் செக்ரட்டரிக்குச் சட்டம் துணை நிற்கிறது. 18 முதல் 65 வயது வரை யாரும் கொடுக்கலாம், எடை 45 கிலோ இருந்தால் போதும், ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். இளைஞர் பட்டியலில் இடம் போனாலும் ரத்தப் பட்டியலில் இன்னும் இருபது வருஷம் இருக்கிறது. முதல் கட்டிலில் அவர்தான் படுப்பார். கபடியில் நாலு பேரைத் தூக்கி எறிகிற எங்கள் பிடியாள் ஊசியைப் பார்த்ததும், "அண்ணே, பைக் சாவிய மறந்துட்டேன்" என்று போனவன், சாவியைத் தேடிக்கொண்டே இருக்கிறான்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே கரையேறி எங்கள் பக்கமாகத்தான் போனது. தென்னையும் பலாவும் சாய்ந்து, கரண்ட் கம்பங்கள் வரிசையாகப் படுத்துவிட்டன. பல நாள் மின்சாரம் இல்லை. அப்போதுதான் அந்த ரசீதுப் புத்தகம் என்ன என்று ஊருக்குத் தெரிந்தது. எந்த வீட்டில் எத்தனை பேர், எது கூரை, எது ஓடு, எங்கே கைக்குழந்தை, யார் பிள்ளை வெளிநாட்டில் என்று எல்லாம் இருபது வருஷ வசூலில் அவருக்கு மனப்பாடம். ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார். அதிலேயே ஊரின் செல்போன்களுக்கெல்லாம் சார்ஜ். ஒவ்வொரு போனுக்கும் டேப் ஒட்டி நம்பர் போட்டார். மெயின் ரோட்டில் நிவாரண லாரி நின்றால் முன்னால் இருப்பவன் அள்ளிக்கொள்வதுதான் வழக்கம். இவர் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, கூரை பறந்த காலனிக்கு முதலில் விடச் சொன்னார். வந்த மெழுகுவத்திக்கும் தார்ப்பாய்க்கும் ரசீது எழுதி, ஸ்டாம்ப் அடித்துக் கொடுத்தார். மெழுகுவத்தி கொண்டுவந்த கோயம்புத்தூர்க்காரர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஒவ்வொரு பொதுக்குழுவிலும் அவர் கடைசியில் எழுந்து, "இந்த வருஷத்தோட நான் ஒதுங்கிக்கிறேன். சின்னப் பசங்க பார்த்துக்கட்டும்" என்பார். சின்னப் பசங்க செல்போனைப் பார்ப்பார்கள். கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள். "சரி, உங்க விருப்பம்" என்று அவரே சொல்லி, அவரே மறுபடி தேர்வாகி, அவரே மினிட் நோட்டில் எழுதிக்கொள்வார். ஒரே ஒரு தடவை மகன் மட்டும் "சரிப்பா" என்றான். அன்றைக்குக் கூட்டம் கோரம் இல்லை என்று ஒத்திவைக்கப்பட்டது.

உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். தை பிறப்பதற்குள் வாசலில் வந்து நிற்பார். 'சில்லறை இல்லை, நாளைக்கு வாங்க' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ரசீதுப் புத்தகத்தின் அட்டையில் இப்போது கியூஆர் கோடு ஒட்டியிருக்கிறார்.