மலர்க்குழுத் தம்பி

படலையடியில் சைக்கிள் சாத்துகிற சத்தத்திலேயே வருகிறவர் ஆரென்று எனக்குத் தெரிந்துவிடும். கடன் கேட்க வருகிறவர் மெல்லச் சாத்துவார். கலியாணம் சொல்ல வருகிறவர் சாத்தவே மாட்டார், ஓட்டோவில் வருவார். தடாலென்று மதிலில் மோதவிட்டு, அது சரிந்து விழுந்ததையும் பாராமல் "சேர்!" என்று கூப்பிட்டபடி விறாந்தையில் ஏறுகிறவன் மலர்க்குழுத் தம்பி. கையில் ஒரு ஃபைல். சட்டைப் பையில் மூன்று பேனை. அதில் ஒன்று எழுதும்.

"சேர், மலர் ஒண்டு போடுறம்."

கரவெட்டியில் இந்த வசனத்தைக் கேளாமல் ஒரு வருஷம் போனதாக எனக்கு ஞாபகம் இல்லை. தமிழ்நாட்டு வாசகருக்கு ஒரு விளக்கம்: எங்கள் பக்கத்தில் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம். பல்கலைக்கழகத்தைக் 'கம்பஸ்' என்போம். விக்னேஸ்வராக் கல்லூரி, ஞானாசாரியார் கல்லூரி, திரு இருதயக் கல்லூரி, சைக்கிள் மிதித்தால் தேவரையாளி இந்துக் கல்லூரி, நெல்லியடி மத்திய கல்லூரி என்று சுற்றிவரக் கல்லூரிகள். ஒவ்வொன்றிலும் தமிழ் மன்றம், உயர்தர மாணவர் மன்றம். மன்றம் இருந்தால் விழா இருக்கும், விழா இருந்தால் மலர் இருக்கும், மலர் இருந்தால் என் வீட்டு மதிலில் ஒரு சைக்கிள் மோதும். நான் சொல்லப்போகிற தம்பி எந்தக் கல்லூரி என்று மட்டும் கேட்காதேயுங்கோ. பழைய மாணவர் சங்கங்களுக்கு லண்டனிலும் ரொறன்ரோவிலும் கிளைகள் உண்டு. மறுப்புக் கடிதம் இரவு பகலாக வந்துகொண்டிருக்கும்.

தம்பி ஏ.எல். கலைப்பிரிவு. கவிஞர். இன்னும் புனைபெயர் வைக்கவில்லை, பாதிதான் வைத்திருக்கிறான். அந்தப் பாதி 'கரவை'. கரவெட்டியைப் புலவர்கள் அப்படித்தான் சுருக்கினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் இந்த ஊர் வேலாயுதபிள்ளையைப் பாட்டுடைத் தலைவனாக்கிக் 'கரவை வேலன் கோவை' பாடினார். கோவை என்றால் இலக்கணப்படி நானூறு பாட்டு. ஒரே ஆளைப் பற்றி நானூறு! அன்று தொடக்கம் இந்த மண்ணில் எழுத வருகிற எவனும் கரவையைத் தன் பெயருக்கு முன்னால் கட்டிக்கொள்ளாமல் பேனை எடுப்பதில்லை. கரவைக்குப் பின்னால் எதைப் போடுவது என்பதுதான் தம்பியின் இரண்டு வருஷக் கவலை. நல்ல சொற்களையெல்லாம் மூத்தவர்கள் பிடித்துவிட்டார்களாம். போன தரம் வந்தபோது 'கரவை' என்று எழுதி, பக்கத்தில் ஐந்து புள்ளி வைத்துக் கொண்டுவந்தான்.

"மிச்சம் பேந்து வரும் சேர்."

புள்ளியைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். தம்பியின் கவிதையில் எழுத்தைவிடப் புள்ளி கூட. 'அம்மா' என்று எழுதினால் ஆறு புள்ளி. 'நீ' என்றால் ஒன்பது. ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். பதினான்கு வரிக் கவிதையில் நூற்றுப் பன்னிரண்டு புள்ளி, எட்டு ஆச்சரியக்குறி. அச்சுக்கோத்த காலமாயிருந்தால் புள்ளித் தட்டு ஒரு மலரோடு காலியாகியிருக்கும்.

"ஏன் தம்பி இவ்வளவு புள்ளி?"

"சொல்லாமல் விட்டது சேர்."

சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டது நல்லாயிருக்கும் என்று எனக்கும் பட்டது. சொல்லவில்லை.

விஷயங்கள் ஐந்தாறுதான். மழை, நிலா, பனைமரம், தொலைந்துபோன உறவு, முதிர்கன்னி, முதியோர் இல்லம். தொலைந்துபோன உறவைப் பற்றி எழுதும்போது அவன் புள்ளியைக் குறைத்துவிடுவான். அந்தக் கவிதைகளை நான் பகிடி பண்ணுவதில்லை. மற்றவற்றைப் பண்ணலாம். பதினெட்டு வயதுப் பெடியன், சீதனம் இல்லாமல் முப்பத்தைந்து வயது வரை காத்திருந்த பெண்ணாக மாறி நான்கு பக்கம் அழுவான். பெற்ற தாயை முதியோர் இல்லத்தில் தள்ளிய பாவிக்குச் சாபம் கொடுப்பான். அவன் வீட்டு நிலைமை என்னவென்றால், அங்கே ஆட்சி அம்மம்மாவுடையது. தேங்காய் எத்தனை துருவுவது என்பதிலிருந்து தம்பி எத்தனை மணிக்குப் படுப்பது என்பது வரை அவர் சொன்னதுதான் சட்டம். அந்தக் கிழவியை யாராவது இல்லத்தில் விட்டால் ஒரு கிழமையில் இல்லத்துக்கு நிர்வாகி மாறியிருப்பார்.

சரி, மலர் எப்படி உருவாகிறது? கவிதை சேர்ப்பதில் தொடங்குகிறது என்று நினைப்பவர் வெளியூரார். ஆசிச் செய்தியில் தொடங்குகிறது. குருக்கள், பங்குத்தந்தை, அதிபர், வலயக் கல்விப் பணிப்பாளர், கோட்டக் கல்விப் பணிப்பாளர், பிரதேச செயலர், பொறுப்பாசிரியர், மன்றத் தலைவர், செயலாளர், பொருளாளர், ஆளுக்கொரு பக்கம், பக்கத்துக்கொரு பாஸ்போட் சைஸ் படம். யார் முன்னுக்கு, யார் பின்னுக்கு என்ற வரிசையைத் தீர்க்க இரண்டு கூட்டம். பெரியவர்களுக்கு எழுத நேரமிராது. "நீங்களே ஒண்டு எழுதிக் கொண்டாங்கோ, கையெழுத்து வைச்சுத் தாறன்" என்பார்கள். ஆகவே அத்தனையும் தம்பி கைபட எழுதியது. குருக்களுக்கு 'எல்லாம் வல்ல' என்று எடுப்பான். பங்குத்தந்தைக்கு 'இறையாசீர்'. பணிப்பாளருக்கு 'இணைபாடவிதானச் செயற்பாடுகளில்'. ஒவ்வொருவர் குரலும் அச்சொட்டாக இருக்கும். ஒரு சொல் வீண் இல்லை, ஒரு புள்ளி கூட இல்லை. என்னைக் கேட்டால் தம்பியின் உண்மையான இலக்கியச் சாதனை அந்தப் பத்துப் பக்கங்கள்தான். ஆனால் அதைச் சொன்னால் அவன் சாப்பிடமாட்டான்.

அடுத்தது விளம்பரம். நெல்லியடிச் சந்தியில் வெயில் ஏற முன்னம் இறங்கவேண்டும். நகைக்கடை முழுப்பக்கம், புடைவைக்கடை அரை, ஸ்ரூடியோ கால். ரியூட்டரிக்காரர் பின்னட்டை கேட்பார், காசு பிறகு தருவார். பெயர் போட விரும்பாதவர் 'ஒரு நலன்விரும்பி'. இந்தமுறை தம்பியோடு நானும் ஒரு ஹாட்வெயார்க் கடைக்குப் போனேன். முதலாளி கணக்குக் கொப்பியிலிருந்து தலை நிமிராமலே சொன்னார்.

"போனமுறை நீங்கள் போட்ட விளம்பரத்திலை ரெலிபோன் நம்பர் பிழை, தம்பி. ஆரோ ஒரு ஓய்வுபெற்ற தபாலதிபருக்கு இப்பவும் சீமெந்து கேட்டுப் போன் போகுதாம்."

"அண்ணை, இந்தமுறை நானே புரூவ் பாக்கிறன்."

"போனமுறையும் நீர்தானே பாத்தனீர்?"

அரைப் பக்கத்துக்கு ஒப்புக்கொண்டார். சின்னத்தம்பிப் புலவருக்கு ஒரு வேலாயுதபிள்ளை போதுமாயிருந்தது. தம்பிக்கு இருபத்தேழு கடை ஏறவேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் ஏதோ புதுமை போல எழுதுகிறேன். நானும் இந்தச் சாதிதான். எழுபதுகளில் நாங்கள் செய்தது கையெழுத்துச் சஞ்சிகை: ஒரே பிரதி, வகுப்பு வகுப்பாகச் சுற்றும், திரும்பி வரும்போது நடுப்பக்கம் இராது. பிறகு ரோனியோ. ஸ்டென்சிலில் பிழை விட்டால் நகப்பூச்சு மணமுள்ள ஒரு திரவம் பூசி, ஊதி ஊதிக் காயவைத்து, மேலே திரும்பக் கீறவேண்டும். அந்த மணம் இன்றைக்கும் எனக்குக் கவிதை மணம். தொண்ணூறுகளின் முதற்பாதியில் பொருளாதாரத் தடை. பத்திரிகைகளே கோடு போட்ட கொப்பித்தாளில் வந்தன. அப்போதும் பெடியள் மலர் போட்டார்கள். மின்சாரம் இல்லை, ஜாம் போத்தல் விளக்கு. வெண்பா எழுதினால் தளை தட்டினாலும் வரியாவது நேராக நின்றது, தாளில் கோடு இருந்தபடியால். 2022இல் தாள் விலை ஏறி, கொழும்புப் பக்கத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனபோது, எங்கள் தம்பிமார் பரீட்சை தள்ளிப்போகாததற்கும் மலர் தள்ளிப்போனதற்கும் சேர்த்து வருந்தினார்கள்.

இப்படிப்பட்ட பெடியளிடமிருந்து ஒன்றும் வராது என்று நினைத்தால் சரித்திரம் சிரிக்கும். நாற்பதுகளின் கடைசியில் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கம் தொடங்கிய 'இளங்கதிர்' மாணவர் மலர்தான். செங்கை ஆழியானும் செ. யோகநாதனும் பேராதனையில் மாணவராயிருந்த நாளிலேயே, 1962இல், 'கதைப்பூங்கா' என்ற கதைத் தொகுப்பு வந்தது. தெல்லிப்பழை மகாஜனாவில் படித்த பெடியள் 1980இல் தொடங்கிய 'புதுசு' ஏழு வருஷம் ஓடியது. அவர்களும் யாரோ ஒருவர் வீட்டு மதிலில் சைக்கிள் சாத்தியிருப்பார்கள்தானே.

ஊர்ப் பாரம் வேறு தம்பியின் தலையில். பேராசிரியர் கா. சிவத்தம்பி 1932இல் பிறந்தது கரவெட்டியில், படித்தது விக்னேஸ்வராவில். ஆகவே இங்கே இரண்டு கவிதை எழுதின எவனையும் மாமாமார் விடமாட்டார்கள்: "என்ன மருமேன், சிவத்தம்பி மாதிரி வாற யோசினையோ?" தம்பிக்கு அவரைப் பற்றி நன்றாகத் தெரியும், எல்லாரும் சொல்லிக் கேட்டதனால். புத்தகம் ஒன்றும் திறக்கவில்லை. இதழாசிரியர் உரையில் மட்டும் 'சிவத்தம்பி பிறந்த மண்ணிலே' என்று தொடங்கினான். நான் வெட்டிவிட்டேன். ஈழத்தில் அவர் முன்னுரை எழுதாத புத்தகங்களை எண்ணுவது லேசு. போனபிறகும் அந்த மனிசனை ஒரு முன்னுரைக்கு இழுப்பது நியாயமில்லை.

கம்பசுக்குப் போனால் தம்பி எப்படி மாறுவான் என்பதும் எனக்குத் தெரியும், பலபேரைப் பார்த்தாயிற்று. முதல் வருஷம் புள்ளி போய்விடும். இரண்டாம் வருஷம் தாடி வரும். 'இருப்பு', 'வெளி', 'பிரதி' என்ற மூன்று சொல்லும் தாடியோடு வரும். மலர் என்று சொன்னால் முகம் சுளிப்பான், சிற்றிதழ் என்று சொல்லவேண்டும். அது மூன்று இதழ் வரும். நாலாவது இதழுக்குக் கவிதை அனுப்பினவர்கள் இன்றைக்கும் காத்திருக்கிறார்கள். பக்கத்து அல்வாயிலிருந்து 2007 தொடக்கம் வருகிற 'ஜீவநதி' எப்படி நூறு இதழைத் தாண்டியது என்று கேட்டால், "அது வேறை சேர்" என்பான். வேறைதான். அங்கே ஆசிரியர் தன் கவிதைக்காகப் பத்திரிகை நடத்தவில்லை.

இங்கேதான் உண்மை வருகிறது. மலர்க்குழுத் தம்பி ஏன் இதழாசிரியராக வந்தான்? போன வருஷத்து மலரில் அவனுடைய கவிதையை வெட்டிச் சுருக்கி ஒரு மூலையில் போட்டார்கள். அந்தக் கோபத்தில் வந்தான். இந்தமுறை முழுப்பக்கம், வலதுபக்கம், முப்பத்தேழாம் பக்கம். பக்கத்தில் விளம்பரம் கூடாது. அதற்காகத்தான் பத்து ஆசிச் செய்தியும் இருபத்தேழு கடையும்.

வெளியீட்டு விழா வெள்ளிக்கிழமை. மங்கல விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வெளியீட்டுரை எல்லாம் முடிந்து சிறப்புப் பிரதி. பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக மேடையேறி, என்வலப்பைக் கொடுத்து, மலரை வாங்கி, கமராவைப் பார்த்து நிற்பார்கள். என்வலப்பின் கனத்தைப் பொருளாளர் விரலாலேயே அறிவான். நயவுரை என்னுடையது. நயக்கவேண்டிய மலர் என் கைக்கு வந்தது நயவுரைக்கு மூன்று நிமிடம் முன்னால், மை காயாமல். இது வழமை, யாரும் பதறுவதில்லை. பொருளடக்கம் மட்டும் பார்த்துவிட்டு எழும்பினேன்.

"இதழாசிரியரின் கவிதை முப்பத்தேழாம் பக்கத்தில் இருக்கிறது," என்றேன். "ஒருதரம் வாசித்து விளங்கிவிடக்கூடிய கவிதையல்ல அது. சொல்லுக்கு அப்பாலே நிற்கிறது. மரபையும் உடைத்து, புதுக்கவிதையையும் உடைத்து, மொழியின் எல்லைக்கே போயிருக்கிறார் தம்பி."

முன்வரிசையில் சிரித்தார்கள். ரசிக்கிறார்கள் என்று நினைத்து இன்னும் இரண்டு நிமிடம் நீட்டினேன். தம்பி மட்டும் மேடை மூலையில் வெளிறிப்போய் நின்றான். இருக்கையில் வந்து அமர்ந்துதான் பக்கத்தைத் திறந்தேன்.

தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. பக்கம் முழுக்க ஆங்கில எழுத்து, ஒரு சொல்லும் சொல்லாக இல்லாமல்.

நடந்தது இதுதான். எங்கள் அச்சகங்களில் இன்னும் பாமினி எழுத்துரு. அதில் தமிழ் ஆங்கில எழுத்துகளின் முதுகில் சவாரி செய்கிறது. எழுத்துரு கழன்றால் கீழே இருக்கிற ஆங்கிலம் அப்படியே எழும்பி நிற்கும். கடைசி இரவு ஹாட்வெயார்க்காரர் அரைப்பக்கம் வேண்டாம், கால் போதும் என்றாராம். பக்கத்தை அவசரமாகத் திறந்து மாற்றின இடத்தில், தப்பிப் பிழைத்தது விளம்பரம், பறிபோனது கவிதை. மெய்யெழுத்துக்கு வைக்கிற புள்ளி பாமினியில் அரைப்புள்ளிச் சாவியில் இருக்கிறது. ஆகவே தம்பியின் கவிதை எங்கும் அரைப்புள்ளி. அவன் ஆசையாக வைத்த நூற்றுப் பன்னிரண்டு புள்ளியின் நடுவே, அவன் வைக்காத அரைப்புள்ளிகள் எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தன. ஹாட்வெயார் முதலாளியின் ரெலிபோன் நம்பர் இந்தமுறை சரி.

தம்பி மூன்று நாள் வெளியே வரவில்லை. நாலாம் நாள் நானே போனேன். ஆறுதல் சொல்ல என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் நயவுரையை அவன் முகநூலில் போடாமல் இருக்கவேண்டுமே என்ற பயம். படலை திறந்திருந்தது. விறாந்தைச் சாய்மனைக் கதிரையில் அம்மம்மா. மடியில் மலர், முப்பத்தேழாம் பக்கம். பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தியும் அடுத்த ஒழுங்கை ஐயா ஒருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்கோ மாஸ்ரர், இருங்கோ," என்றார் அம்மம்மா. "நீங்கள் மேடையிலை சொன்னதெல்லாம் உவன்ரை தாய் வந்து சொன்னவள். எனக்கு உந்தத் தமிழ்க் கவிதையெண்டால் விளங்காது, அது எல்லாரும் எழுதுறதுதானே. இந்த வயசிலை முழுப்பக்கம் இங்கிலீசிலை எழுதியிருக்கிறான், பாருங்கோ."

உள்ளேயிருந்து தம்பி எட்டிப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஒழுங்கை ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியை வாசிக்கத் தொடங்கினார்.