'பேப்பர் போட்டுவிடுவேன்' எனல்: ஓர் ஆய்வு

முன்னுரை

பழைய மகாபலிபுரம் சாலை டீக்கடைகளில் மாலை நான்கு மணிக்குக் கேட்கும் வாசகங்களுள் நிலைபேறுடையவை இரண்டு. ஒன்று, "அண்ணே, சர்க்கரை கம்மியா." மற்றொன்று, "இந்த மாசம் பேப்பர் போட்டுடுவேன், மச்சி." இரண்டாவதே இங்கு ஆய்பொருள். தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என 47 முதல் 50 வரையுள்ள அதிகாரங்களை வள்ளுவர் இதன்பொருட்டே வகுத்தார் என்பது நம் துணிபு. அவை அரசனுக்குச் சொன்னவை என்று உரையாசிரியர்கள் கொண்டது, அவர்கள் காலத்தில் ஐ.டி. கம்பெனி இல்லாமையால்.

வலியறிதல்

சம்பளம் 30ஆம் தேதி வருகிறது. வீட்டுக் கடன் தவணை 5ஆம் தேதி போகிறது. இடைப்பட்ட நாட்களில் ஊழியர் சுதந்திர மனிதர்; வீர உரைகள் யாவும் அப்போதே நிகழ்கின்றன. துணைவலியோ ஊரிலிருந்து போனில் வரும்: "கையில இருக்கிறத விட்டுடாதப்பா."

நான்கு ஆண்டு முடித்தவருக்கு கிராஜுவிட்டி குறுக்கே வருகிறது. 1972ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த கணக்குப்படி அடிப்படைச் சம்பளத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்க வேண்டும். 26,000 ரூபாய் வாங்குபவருக்கு ஐந்தாண்டில் 75,000. 'இன்னும் ஒரு வருஷம்தானே' என்பார். ஐந்து முடிந்ததும், பி.எஃப். பென்ஷனுக்குப் பத்தாண்டு வேண்டுமே என்பார். கம்பெனி மாறினாலும் அந்தப் பணிக்காலம் கூட்டிக்கொள்ளப்படும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்.

காலமறிதல்

நோட்டீஸ் பீரியட் 90 நாள். இதைப் பஞ்சாங்கத்தோடு பொருத்திப் பார்த்தவர் இலர். இன்கிரிமென்ட் கடிதம் கண்டு கொதித்துச் சித்திரையில் பேப்பர் போட்டால், புது வேலையில் சேரும் நாள் ஆடியில் விழும். ஆடியில் யார் சேர்வார்? புரட்டாசியில் போட்டாலோ மார்கழி. ஐப்பசியில் போட்டால் மட்டும் தை பிறக்கும், வழியும் பிறக்கும். ஆனால் ஐப்பசியில் தீபாவளி வருகிறது, போனஸ் வருகிறது, மேனேஜர் ஸ்வீட் பாக்ஸுடன் வந்து தோளில் கை போடுகிறார். அந்தச் சூடு தணிவதற்குள் அடுத்த இன்கிரிமென்டுக்கு ஐந்தே மாதம் பாக்கி. 'அதையும் பார்த்துட்டுப் போயிடலாம்.'

இடனறிதல்

ஆஃபர் தரும் கம்பெனி எப்போதும் ஊரின் மறு கோடியில் இருக்கும். சோழிங்கநல்லூரில் வீடு வாங்கியவருக்கு அம்பத்தூரிலிருந்தே அழைப்பு வரும். தவிர, ஏசி நேராகத் தலையில் படாத இருக்கை ஒன்றைப் பிடிக்க ஆண்டுகள் ஆகின்றன; அதை எந்த ஆஃபர் லெட்டரும் ஈடுசெய்வதில்லை.

ஆய்வு முடிவு

மேற்கண்டவற்றால் பெறப்படுவது: பேப்பர் போடுவேன் என்று சொல்வது, போவதற்கான ஆயத்தம் அன்று, இருப்பதற்கான உபாயம். 'எப்போது வேண்டுமானாலும் போகலாம்' என்ற நினைப்பு ஒன்றே திங்கட்கிழமைகளைக் கடக்க வைக்கிறது. மெய்யாகவே போகிறவர் சொல்வதில்லை. காரணமின்றி இஸ்திரி போட்ட சட்டையில் வருவார். போன் அடித்தால் மாடிப்படிக்கு ஓடுவார். ஒரே ஆண்டில் மூன்றாவது முறையாகப் பல் பிடுங்க லீவு கேட்பார்.

மேனேஜர்களுக்கு நம் பரிந்துரை: கம்பெனியை நாள்தோறும் திட்டுபவரை நம்பி அடுத்த மூன்றாண்டுக்குத் திட்டம் போடலாம். கேன்டீன் சாம்பார்கூட நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒருவர் சொல்லத் தொடங்கிவிட்டால், அன்றே மாற்று ஆள் தேடுக.