ஏரி சௌக்கியமா, மாமா?

ஓய்வு பெறப்போகிறவனுக்கு யோசனை சொல்ல ஆள் பஞ்சமே கிடையாது. கோயம்புத்தூரில் வீடு வாங்குங்கள், ஆஸ்பத்திரி பக்கம் என்றார் ஒருவர். ஏற்காட்டில் வாங்குங்கள், ஆஸ்பத்திரியே வேண்டியிருக்காது என்றார் இன்னொருவர். நாங்கள் காட்டுமன்னார்கோயிலுக்கு வந்து சேர்ந்தோம். அது என் மனைவி பிறந்த ஊர். ஆகையால் இந்த முடிவில் என் பங்கு லாரி பிடித்தது மட்டும்தான்.

"ஏரிக்கரை ஊராச்சே! ஜன்னலைத் திறந்தா தண்ணி தெரியுமே!" என்று சென்னை நண்பர்கள் பெருமூச்சு விட்டார்கள். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு மாடிப்படியும் அதில் காயும் வேட்டியும் தெரிகின்றன. வீராணம், படகு ஓட்டி மக்காச்சோளம் தின்கிற ஏரி இல்லை. பத்து கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிற பாசன ஏரி. ஏறக்குறைய 45 ஆயிரம் ஏக்கருக்குத் தண்ணீர் கொடுக்கிற பொறுப்பில் இருக்கிறது. ஊருக்குள் நின்றால் கண்ணில் படாது. லால்பேட்டைப் பக்கம் போய்க் கரையேறினால்தான் தரிசனம். சில கோடைகளில் அதுவும் இல்லை. தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் ஆடு மேயும்.

இந்த ஊரில் இன்னொரு சங்கடம், வயதுக்கு மதிப்பில்லை. ஏரி முதலாம் பராந்தக சோழன் காலத்தது. அவனுடைய வீரநாராயணன் என்ற பட்டப்பெயர்தான் ஏரிக்கும் பெருமாளுக்கும். நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தைத் தேடித் தொகுத்த நாதமுனிகள் பிறந்தது இங்கே. அவர் பேரன் ஆளவந்தாரும் இந்த ஊர்க்காரரே. ஆயிரம் வருஷத்துக்குக் குறைந்த எதையும் பழசு என்று ஒப்புக்கொள்ளாத ஊரில், அறுபதைத் தாண்டிய நான் பேருந்தில் நின்றுகொண்டே போகிறேன். ரயிலில் உட்கார்ந்து போகலாமே என்றால், அதற்குச் சிதம்பரம் போக வேண்டும். அதற்கும் பேருந்துதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் 'பொன்னியின் செல்வன்' கோஷ்டி வந்து இறங்கும். 1950-இல் கல்கி தொடர்கதையைத் தொடங்கியபோது, வந்தியத்தேவனை ஆடிப்பெருக்கு நாளில் இந்த ஏரிக்கரையில் குதிரைமேல் அனுப்பிவைத்தார். குதிரை போய்விட்டது, கேள்விகள் மட்டும் எங்களுக்கு நிரந்தரமாகத் தங்கிவிட்டன. "எந்த இடத்துல சார் நின்னு பார்த்தான்?" வந்தியத்தேவன் சரித்திரத்தில் உண்டு, இந்தச் சவாரி கல்கியின் கற்பனை என்று ஆரம்பத்தில் விளக்கிப் பார்த்தேன். பிள்ளைகளின் முகம் வாடிவிடும். இப்போது டீக்கடைக்கு எதிரே ஒரு புளியமரத்தைக் காட்டிவிடுகிறேன். அவர்களுக்குப் படம் கிடைக்கிறது. டீக்கடைக்கு வியாபாரம். எனக்கு ஒரு டீ.

கொலை வழக்கு விசாரிக்க வருகிறவர்கள் தனி ரகம். உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. அவன் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் என்று சோமன், ரவிதாசன் முதலானவர்களின் பெயரைச் சொல்லி, அவர்களுடைய உடைமைகளைப் பறிமுதல் செய்த செய்தி. தூண்டிவிட்டது யார் என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் சண்டை ஓயவில்லை. சென்னையிலிருந்து வந்த என் மாப்பிள்ளையை அழைத்துப்போய்க் காட்டினேன். பறிமுதல் குற்றவாளிகளோடு நிற்கவில்லை, அவர்கள் மகள்களைக் கட்டியவர்கள் வரைக்கும் போனது என்று விளக்கினேன். மாப்பிள்ளை கல்வெட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மாமா, உங்க மேல கேஸ் எதுவும் இல்லையே?" என்றார்.

இவர்தான் வாரம் தவறாமல் போன் செய்கிறவர். என் சர்க்கரை அளவு, அத்தையின் முழங்கால் எதுவும் அவர் பட்டியலில் இல்லை. எடுத்த எடுப்பில், "ஏரி எத்தனை அடி, மாமா?" அவர் குடியிருப்பது போரூர். வீராணத்துத் தண்ணீர் வடக்குத்தில் சுத்தமாகி, 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பயணம் செய்து, அவர் வட்டாரத்துக்குத்தான் போய்ச் சேர்கிறது. அந்தக் காலத்தில் இந்தக் குடிநீர்த் திட்டத்துக்காகக் கொண்டுவந்த ராட்சதக் குழாய்கள் சாலையோரம் வருஷக்கணக்கில் கிடந்தன. அவற்றுக்குள் ஜனங்கள் குடித்தனமே நடத்தினார்கள். கடைசியில் 2004-இல்தான் தண்ணீர் போனது. 2019 கோடையில் செம்பரம்பாக்கமும் பூண்டியும் கைவிரித்தபோது, சென்னைக்குக் கைகொடுத்ததில் எங்கள் ஏரியும் உண்டு. அன்றிலிருந்து மாப்பிள்ளைக்கு வீராணத்தின்மேல் ஒரு பாசம். பெண்ணைக் கொடுத்த மாமனாரைவிடத் தண்ணீர் கொடுக்கிற மாமனார் ஊர் பெரிது.

ஏரி நிரம்பினால் 47.50 அடி. அந்த எண்ணை நான் பேப்பரில் பார்த்து, டீக்கடையில் உறுதி செய்துகொண்டு, மாப்பிள்ளைக்கு அறிக்கை கொடுப்பேன். டீக்கடையில் விஷயம் அவ்வளவு சுருக்கமாக முடியாது. மேட்டூரில் திறந்தது எவ்வளவு, கீழணைக்கு வந்தது எவ்வளவு, வடவாற்றில் விட்டது எவ்வளவு என்று ஒவ்வொரு பெஞ்சும் ஒரு பொதுப்பணித் துறை. சம்பாவுக்கு மதகு திறக்கவேண்டிய நாளில் சென்னைக்காரர்கள் குளிப்பது பற்றியும் பேச்சு வரும். அப்போதெல்லாம் எனக்குப் போரூரில் மாப்பிள்ளை இருப்பதை நான் யாரிடமும் சொல்வதில்லை.

இதில் உச்சக்கட்ட வேடிக்கை எங்கள் வீட்டில் நடக்கிறது. சென்னையில் இருந்தவரை குழாயைத் திறந்தால் எனக்கு வீராணம் வந்தது. வீராணத்தின் பக்கத்திலேயே குடிவந்த பிறகு, போர் தண்ணீர். அதில் துவரம்பருப்பு வேக மறுக்கிறது. "பேசாம மகள் வீட்டுலேருந்து ரெண்டு கேன் நம்ம ஏரித் தண்ணிய எடுத்துட்டு வரலாங்க" என்கிறாள் மனைவி. ஊர்ப் பெருமை பேசுகிறாளா, குத்திக் காட்டுகிறாளா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இருந்தாலும் இந்த ஊரை விட்டுப் போக எனக்கு மனமில்லை. போன மாதம் மாப்பிள்ளை பேசும்போது பின்னால் ஷவர் ஓடும் சத்தம் கேட்டது. "நீர்மட்டம் இறங்குது மாப்பிள்ளை, மதகுப் பக்கம் என்ன பேசிக்கிறாங்க தெரியுமா?" என்று மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். உடனே ஷவர் நின்றது. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் என் பேச்சைக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஓய்வு பெற எந்த ஊர் நல்லது என்று இனி யாராவது என்னிடம் யோசனை கேட்டால், காற்று, ஆஸ்பத்திரி, கோயில் எல்லாம் அப்புறம் என்பேன். மாப்பிள்ளை வீட்டுக் குழாய் எங்கிருந்து வருகிறது என்று முதலில் விசாரியுங்கள்; அந்த ஊரில் வீடு பாருங்கள்.