ஒன்பதாம் நம்பர் தளபதி

பர்மாவை ஆண்ட ஜெனரல் நே வின்னுக்கு 9 என்றால் உயிர். ராசியான எண்ணைக் கார் நம்பரில் வாங்கி மாட்டிக்கொண்டு திருப்திப்படுகிற ரகமல்ல அவர். நாட்டின் கஜானாவிலேயே மாட்டினார்.

1962 மார்ச்சில் ஆட்சியைப் பிடித்தார். 1964-இல் கடைகளை அரசுடைமையாக்கி, 50, 100 கியாட் நோட்டுகளையும் செல்லாது என்றார். ரங்கூனில் கடை வைத்திருந்த தமிழர்கள் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். சென்னையில் பர்மா பஜார் முளைத்த கதை இதுதான். நாம் அங்கே பேரம் பேசி வாங்கிய டார்ச்லைட்டில் தளபதியாருக்கும் பங்குண்டு.

1970-இல், இடப்பக்கம் ஓடிய வண்டிகளெல்லாம் இனி வலப்பக்கம் ஓடவேண்டும் என்று ஆணை. நாடு ரொம்ப இடதுபக்கம் சாய்ந்துவிட்டதென்று சோசியர் சொன்னாராம், ஊர்ப்பேச்சு. சாலை மாறியது, பஸ் மாறவில்லை. படிக்கட்டு பழைய பக்கமே இருந்ததால், ஜனங்கள் நடுரோட்டில் இறங்கி, குலதெய்வத்தைக் கும்பிட்டபடி ஓடினார்கள்.

உச்சக்கட்டம் 1987 செப்டம்பர். 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது; மாற்றிக்கொள்ளவும் முடியாது. அதில் 75 கியாட் நோட்டு அவரே இரண்டு வருடம் முன்பு அடித்துவிட்டது! பதிலுக்கு வந்தவை 45, 90. நான்கும் ஐந்தும் ஒன்பது. ஒன்பதும் பூஜ்யமும் ஒன்பது. பாவம் கடைக்காரர். 17 கியாட் சாமானுக்கு 90 நீட்டினால் மீதி 73. ஒரு நாற்பத்தைந்து, ஒரு பதினைந்து, ஒரு பத்து, மூன்று ஒற்றை நோட்டு. அதற்குள் அடுத்த ஆள் சாமானே வேண்டாமென்று போயிருப்பார். பாடப்புத்தகம் இல்லாமலே வாய்ப்பாடு கற்றுத்தந்த ஒரே சர்வாதிகாரி இவராகத்தான் இருக்கும்.

ஒரு காலத்தில் உலகுக்கே அரிசி அனுப்பிய நாடு, அந்த டிசம்பரில் ஐ.நா.வின் பரம ஏழை நாடுகள் பட்டியலில் ஏறியது. சேமிப்பு செல்லாக்காசான மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1988 ஜூலையில் தளபதி பதவி விலகினார். கிளர்ச்சிக்காரர்களும் தேதி பார்த்தார்கள்: 8-8-88. ராணுவம் சும்மா இருக்குமா? சுட்டுத்தள்ளிவிட்டு, செப்டம்பர் 18-ஆம் தேதி ஆட்சியை மறுபடி எடுத்துக்கொண்டது. ஒன்றும் எட்டும் ஒன்பது, மாதமும் ஒன்பது.

ஒன்பதை விடாமல் பிடித்தால் 90 வயதுவரை ஆயுள் கெட்டி என்று அவர் நம்பியதாகச் சொல்வார்கள். 90-ஐத் தாண்டித்தான் 2002-இல் செத்தார், வீட்டுக்காவலில். ஜாதகம் பலித்தது, சந்தேகமில்லை. பரிகாரச் செலவு மட்டும் பர்மாக்காரர்கள் தலையில்.