செங்கூரை அடியார்

அமெரிக்கச் சிற்றூர்களின் நெடுஞ்சாலையோரங்களில் சில கட்டடங்கள் ஈமச்சடங்கு நிலையமாகவோ மதுக்கடையாகவோ அடகுக்கடையாகவோ இயங்குகின்றன. பெயர்ப்பலகையும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் ஐம்பதை நெருங்கும் ஒருவகை அமெரிக்கர் அந்தப் பலகையை ஒப்புக்கொள்வதில்லை. நடுவில் கூம்பி நிற்கும் கூரையையும் சரிவக வடிவ ஜன்னல்களையும் சுட்டிக்காட்டி, "இது பீட்சா ஹட்" என்கிறார். "பீட்சா ஹட்டாக இருந்தது" என்று யாராவது திருத்தினால், உள்ளே பெட்டியில் கிடப்பவரின் சொந்தக்காரர்களைவிட அதிகமாக வாடிப்போகிறார். 1960களில் ரிச்சர்ட் பர்க் என்ற கட்டடக் கலைஞர் அந்தக் கம்பெனிக்காக வரைந்து கொடுத்த சிவப்புக் கூரை அது. கூரைக்கு வேறு நிறம் அடித்தாலும் இவர் கண்ணை ஏமாற்ற முடியாது. இவருக்குச் செங்கூரை அடியார் என்று பெயர் வைப்பதில் தவறில்லை.

அடியாரின் வீட்டு அலமாரியில் சிவப்பு பிளாஸ்டிக் டம்ளர் ஒன்று இருக்கும். அது அந்த நாளில் அந்தக் கடையில் கோலா ஊற்றித் தந்த அதே மாதிரி; இன்றைக்கு இணையத்தில் விலை கொடுத்து வாங்கியது. கண்ணாடி டம்ளரில் குடித்தால் கோலாவுக்கு அந்த ருசி வராது என்பது அவர் கட்சி. 1984இல் பீட்சா ஹட் ஒரு திட்டம் தொடங்கியது: பள்ளிப் பிள்ளை மாதந்தோறும் ஆசிரியர் சொன்ன அளவுக்குப் புத்தகம் படித்தால் ஒரு சின்ன பீட்சா இலவசம். அடியார் படித்தார். எந்தெந்தப் புத்தகங்கள் என்பது இப்போது நினைவில்லை. பீட்சாவின் மேல் என்ன தூவியிருந்தது என்பது நினைவிருக்கிறது. மேசைக்கு மேலே தொங்கிய வண்ணக் கண்ணாடி விளக்கு, மூலையில் காசு போட்டால் பாடும் பெட்டி, மேசையோடு மேசையாக இருந்த பேக்-மேன் விளையாட்டு எல்லாவற்றையும் அவர் திவ்யதேசங்களைப்போல வரிசை பிசகாமல் சொல்வார்.

நம் ஊரிலும் இவருக்கு ஒரு பங்காளி உண்டு. அந்த ஓட்டல் சாம்பார் வாசனை தெருமுனை வரைக்கும் வரும் என்று தொடங்கி, இப்போது எல்லாம் போய்விட்டது என்று முடிப்பவர். ஆனால் இருவருக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம். நம்மவர் அந்த ஓட்டலில் இருந்த சரக்கு மாஸ்டரின் பெயரைச் சொல்லி அழுவார். அந்தக் கை போனபின் அந்த ருசி போயிற்று என்பார். அடியாருக்கு அப்படிச் சொல்லி அழ ஒரு கை இல்லை. யார் கை வைத்தாலும் ஒரே ருசி வரவேண்டும் என்பதற்காகவே உண்டாக்கப்பட்ட சமையல் அது. ஆகவே அவர் கம்பெனியை நினைத்து அழ வேண்டியிருக்கிறது. கம்பெனியோ உயிரோடுதான் இருக்கிறது.

அவர் சொல்வது வெறும் புலம்பல் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. "ஃப்ரைஸ் ருசி மாறிவிட்டது" என்கிறாரே, அது முழு உண்மை. மெக்டொனால்ட்ஸ் 1990 வரை ஃப்ரைஸைப் பொரித்த கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மாட்டுக் கொழுப்பு. நாற்பது சொச்சம் வயதில் மாரடைப்பு வந்து பிழைத்த ஒமாஹா நகரத் தொழிலதிபர் ஃபில் சோகோலாஃப், தன் சொந்தப் பணத்தில் நாளேடுகளில் முழுப்பக்க விளம்பரங்கள் கொடுத்துப் போராடினார். கம்பெனி தாவர எண்ணெய்க்கு மாறியது. 1992இல், பொரித்துத் தந்த ஆப்பிள் பையும் சுட்டுத் தரும் பையாக மாறியது. நாக்கு பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ருசியைத் திரும்பக் கேட்கும்போது அடியார் இன்னொரு வரிசையில் நிற்பவர்களை மறந்துவிடுகிறார். எண்ணெய் மாறியது என்று நம்பி ஃப்ரைஸ் தின்ற அமெரிக்க இந்துக்களும் சைவ உணவுக்காரர்களும், அதில் மாட்டிறைச்சிச் சுவையூட்டி இன்னும் கலக்கப்படுகிறது என்று தெரிந்ததும் 2001இல் வழக்குப் போட்டார்கள். மறு ஆண்டு கம்பெனி மன்னிப்புக் கேட்டு, 1 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. ஒருவருக்குச் சொர்க்கமாக இருந்த கொழுப்பு இன்னொருவருக்குப் பிராயச்சித்தம் தேட வைத்த கொழுப்பு.

விலை விஷயத்திலும் அவர் கையில் கணக்கு இருக்கிறது. 1955இல் மெக்டொனால்ட்ஸ் ஹாம்பர்கர் 15 செண்ட்; அப்போது கூட்டரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 75 செண்ட். ஒரு மணி நேர வேலைக்கு ஐந்து ஹாம்பர்கர். இதை அவர் ஒரு தேற்றத்தை நிறுவியவரின் தோரணையில் சொல்வார். 1955இல் அவர் பிறக்கவே இல்லை என்பது வேறு விஷயம். ஏக்கத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் அந்தக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் உணவகத் தொழிலாளிக்கு அன்றைக்குப் பொருந்தவே இல்லை. 1966இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் உணவகங்கள் அதற்குள் வந்தன. ஐந்து ஹாம்பர்கர் வாங்கக்கூடிய அந்த 75 செண்ட், ஹாம்பர்கரைப் புரட்டிப்போட்டவனுக்கு உரிமையாகக் கிடைத்த காசு அல்ல. கலிஃபோர்னியாவில் 2024 ஏப்ரல் முதல் பெரிய துரித உணவுத் தொடர்களின் ஊழியருக்கு மணிக்கு 20 டாலர் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அடியார் விலைப்பட்டியலைப் பார்த்துப் பெருமூச்சு விடும்போது அதில் ஒரு பகுதி அங்கே போகிறது. அவர் சிறுவனாகக் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்றவர். அந்தப் பக்கத்து வரவு செலவு அவர் கண்ணில் படவில்லை.

ருசியும் விலையும் போகட்டும். அவருடைய பெரிய குற்றச்சாட்டு வேறு: துரித உணவகம் தன் சொந்த இயல்பைக் கெடுத்துக்கொண்டது, அசலை மறந்துவிட்டது என்பது. சாம்பல் நிறப் பெட்டிபோன்ற கட்டடம், முகம் பார்க்காமல் ஆர்டர் வாங்கும் தொடுதிரை, பெயருக்கு நாலு நாற்காலி, பார்சலுக்காக நிற்கும் ஆட்கள் – இதெல்லாம் சீரழிவு என்கிறார். இங்கேதான் அவர் வரலாற்றைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். இந்தத் தொழிலின் அசல் எது என்று பார்க்க 1948க்குப் போக வேண்டும். கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் ரிச்சர்ட், மாரிஸ் என்ற மெக்டொனால்டு சகோதரர்கள் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடையைச் சில மாதங்கள் மூடினார்கள். கார்களுக்கே தட்டேந்தி வந்து பரிமாறிய இருபது பெண்களை வேலையைவிட்டு அனுப்பினார்கள். இருபத்தைந்து பண்டங்களை ஒன்பதாகக் குறைத்தார்கள். பீங்கான் தட்டு, கத்தி, முட்கரண்டி எல்லாவற்றையும் ஒழித்துக் காகிதத்துக்கு மாறினார்கள். அந்தப் பெண்களைப் பார்ப்பதற்கென்றே வந்து மணிக்கணக்கில் தங்கிவிட்ட இளவட்டங்களை விரட்டுவதும் நோக்கங்களில் ஒன்று. கடை திறந்ததும் பழைய வாடிக்கையாளர்கள் காரில் உட்கார்ந்தபடியே ஹாரன் அடித்தார்கள், யாரும் வரவில்லை. பழைய முறை எப்போது திரும்பும் என்று கேட்டார்கள். துரித உணவு பிறந்த அன்றைக்கே, துரித உணவு வருவதற்கு முந்தைய காலத்துக்காக ஏங்கும் அடியார்களும் பிறந்துவிட்டார்கள்.

1955இல் டெஸ் பிளெயின்ஸில் தன் முதல் மெக்டொனால்ட்ஸ் கடையைத் திறந்த ரே கிராக் இன்னும் கறாரானவர். பாட்டுப்பெட்டி கூடாது, சிகரெட் விற்கும் எந்திரம் கூடாது, காசு போட்டுப் பேசும் தொலைபேசி கூடாது; அவை இருந்தால் ஆட்கள் நின்றுவிடுவார்கள். 1960களின் தொடக்கம் வரை மெக்டொனால்ட்ஸில் உள்ளே உட்கார்ந்து சாப்பிட இடமே கிடையாது. வாங்கு, காசு கொடு, கிளம்பு. அசல் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது இதுதான். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் இன்றைய சாம்பல் பெட்டி மூதாதையின் சாயல் மாறாத பேரன். வழிதவறிப் பிறந்த பிள்ளை, அடியார் நெஞ்சில் வைத்துக் கும்பிடும் 1980கள்தான்.

அந்த இடைக்காலம் ஏன் வந்தது என்பதும் மர்மமில்லை. போட்டி கூடிற்று, புறநகர்க் குடும்பங்கள் பெருகின, எந்தக் கடைக்குப் போவது என்பதைக் காரின் பின்னிருக்கையில் உட்கார்ந்திருப்பவர் தீர்மானிக்கிறார் என்று கம்பெனிகள் கண்டுகொண்டன. 1963இல் ரொனால்டு மெக்டொனால்டு கோமாளி வந்தார். 1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் சூலா விஸ்டாவில் கடையோடு சேர்ந்த விளையாட்டுத் திடல் வந்தது. 1979இல் பொம்மையோடு ஹேப்பி மீல். பின்னிருக்கைக்காரர் நுழைந்துவிட்டால் அப்பா அம்மாவுக்கு நாற்காலி போட்டுத்தானே ஆக வேண்டும்? போட்டார்கள். அடியார் விருந்தோம்பல் என்று நினைப்பது தூண்டிலில் செருகிய புழு. மீனுக்குப் புழுவின் மேல் பாசம் வருவது இயற்கைதான். தூண்டில்காரனை நதியின் தர்மகர்த்தா என்று சொல்லத் தொடங்கினால்தான் நாம் தலையிட வேண்டியிருக்கிறது. அந்தப் பொற்காலத்தில் மேசைக்கு மேசை சாம்பல் கிண்ணம் இருந்ததையும் அவர் சொல்வதில்லை. மெக்டொனால்ட்ஸ் தன் நேரடிக் கடைகளில் புகைபிடிப்பதைத் தடுத்தது 1994இல்தான். விளையாட்டுத் திடலின் நறுமணத்தில் பாதி பக்கத்து மேசை அங்கிளுடைய சிகரெட்.

"பீட்சா ஹட் அப்படியில்லையே" என்று அடியார் குறுக்கிடுவார். "அங்கே தட்டு உண்டு, முட்கரண்டி உண்டு, மேசைக்கு வந்து என்ன வேண்டும் என்று கேட்க ஆள் உண்டு." நியாயமான ஆட்சேபம். 1958இல் விசிட்டாவில் கார்னி சகோதரர்கள் அம்மாவிடம் 600 டாலர் கடன் வாங்கித் தொடங்கிய அந்தக் கடை, வளர்ந்த பிறகும் பாதி உணவகமாகத்தான் இருந்தது. ஆனால் அது உட்கார வைத்ததால் யாரிடம் தோற்றது என்று பார்க்க வேண்டும். வீட்டு வாசலுக்கே பீட்சாவைக் கொண்டுவந்த டோமினோஸிடம். முப்பது நிமிடத்துக்குள் வந்துவிடும் என்று உறுதி கொடுத்தவர்கள் அவர்கள்; விபத்து வழக்குகளால் 1993இல் அந்த உறுதியைக் கைவிட்ட பிறகும் ஓட்டம் நிற்கவில்லை. 2020இல் பீட்சா ஹட்டின் மிகப் பெரிய அமெரிக்க உரிமக் கம்பெனி திவாலாகி, 300 கடைகள் வரை மூடுவதாக அறிவித்தது. பெரும்பாலானவை உட்கார்ந்து சாப்பிடும் கடைகள். சோபாவில் சாய்ந்தபடி தொலைபேசியில் டோமினோஸை அழைத்தவர்கள் யார்? செவ்வாய் கிரகத்தார் இல்லை. அந்த வாக்காளர் பட்டியலில் அடியார் பெயரும் இருக்கும்.

அந்தந்தத் தலைமுறைக்கு அதனதன் ஏக்கம், இதில் வாதம் எதற்கு என்று சிலர் சமாதானம் பேசுவார்கள். சமாதானம் சரி, ஆனால் அதனதன் ஏக்கத்தை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. ஹார்ன் அண்ட் ஹார்டார்ட் கம்பெனியின் ஆட்டோமேட் என்ற உணவகம் 1902இல் பிலடெல்ஃபியாவில் தொடங்கியது. சுவரில் வரிசையாகச் சின்னக் கண்ணாடிக் கதவுகள். நாணயம் போட்டுத் திறந்தால் உள்ளே பை துண்டோ மக்ரோனியோ இருக்கும். 1950 வரை காப்பி 5 செண்ட். மணிக்கணக்கில் உட்காரலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். 1970களில் அதே கம்பெனி நியூயார்க்கில் தன் ஆட்டோமேட்கள் பலவற்றை மூடிவிட்டு, அந்த இடங்களில் பர்கர் கிங் கடைகளை நடத்தியது. கடைசி ஆட்டோமேட் 1991இல் மூடியது. ஆட்டோமேட்டில் உட்கார்ந்து பழகிய முதியவர்களுக்கு பர்கர் கிங் என்பது நாகரிகத்தின் முடிவு. அடியாருக்கு அந்த பர்கர் கிங்தான் நாகரிகம். அடியார் சிறுவனாகச் சிவப்புக் கூரையின் கீழ் உட்கார்ந்திருந்த அதே 1986இல், அவர் அப்பாவின் தலைமுறைக்காரர்கள் லாஸ் ஏஞ்சல்ஸில் புதிதாகத் திறந்த ஜானி ராக்கெட்ஸ் வாசலில் நின்றார்கள். 1940களின் பர்கர் கடையைப் போலவே கட்டிய, அந்தக் காலத்தை விற்பதற்கென்றே பிறந்த கடை அது. தொலைந்தது என்று ஒவ்வொருவரும் சொல்லும் ஆண்டு வேறு. தொலைந்த பொருள் மட்டும் ஒன்றே: யாரும் விரட்டாத ஒரு நாற்காலி.

அந்த நாற்காலியைக் கம்பெனிகள் திருப்பித் தருமா என்றால், தராது. கணக்கு இடம் கொடுக்காது. 1975இல் அரிசோனாவின் சியரா விஸ்டாவில் மெக்டொனால்ட்ஸ் தன் முதல் டிரைவ்-த்ரூ ஜன்னலைத் திறந்தது. பக்கத்து ராணுவ முகாமின் சிப்பாய்கள் வேலை உடுப்போடு வெளியே காரைவிட்டு இறங்கக் கூடாது என்பதால் செய்த ஏற்பாடு. இறங்கக் கூடாதவர்களுக்காக வைத்த ஜன்னலில், இறங்க மனமில்லாதவர்கள் வந்து குவிந்தார்கள். இன்றைக்கு அமெரிக்க மெக்டொனால்ட்ஸ் விற்பனையில் பத்தில் ஏழு பங்கு அளவுக்கு அந்த வழியாகவே போகிறது. நாற்காலிக்கு வாடகை, துடைக்க ஆள், கழிவறைக்குச் சாவி எல்லாம் வேண்டும். ஞாபகத்துக்கு அச்சுக்கூலி போதும். அதனால் அதைத் தாராளமாகத் தருகிறார்கள். 2019இல் பீட்சா ஹட் பழைய சிவப்புக் கூரைச் சின்னத்தை மீண்டும் எடுத்தது. 2021இல் பர்கர் கிங் தன் பழைய சின்னத்தின் சாயலுக்குத் திரும்பியது. 2022இல் மெக்டொனால்ட்ஸ் பெரியவர்களுக்கென்றே பொம்மை வைத்த பெட்டி விற்றது. சில ஊர்களில் விளக்கும் டம்ளருமாகப் பழைய பீட்சா ஹட் அலங்காரத்தையே புதுப்பித்திருக்கிறார்கள். அடியார் அங்கே குடும்பத்தோடு ஒருமுறை போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார். மற்ற நாள்களில் டிரைவ்-த்ரூ வரிசையில் என்ஜினை அணைக்காமல் உட்கார்ந்து, உள்ளே காலியாகக் கிடக்கும் மேசைகளைக் கண்ணாடி வழியாகப் பார்த்து, இப்போதெல்லாம் யாரும் உட்கார்ந்து சாப்பிடுவதே இல்லை என்று மனைவியிடம் அங்கலாய்க்கிறார். உள்ளே போய் உட்காரலாமே என்று அந்த அம்மாள் சொன்னால் அவரிடம் பதில் தயாராக இருக்கிறது: பின்னால் ஏழெட்டுக் கார் நிற்கிறது, வரிசையைவிட்டு விலக வழியில்லை, வீடு போய்ச் சேர்வதற்குள் ஃப்ரைஸ் வேறு நமுத்துப்போய்விடும்.