பக்கத்து இலை

தொழில் தொடர்புகளை வளர்க்க நட்சத்திர ஹோட்டலில் கூட்டம் நடத்துகிறார்கள். கழுத்தில் பேர் அட்டை, கையில் ஆறிய காபி. நம்மிடம் பேசுகிறவரின் கண் நம் தோளுக்கு மேலே வேறு பெரிய புள்ளியைத் தேடிக்கொண்டிருக்கும். சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் எனக்கு அது சரிப்படவில்லை. என் கட்சி கல்யாணப் பந்தி.

இலையில் உட்கார்ந்த மனுஷன் மோர் வரும்வரை எங்கேயும் ஓட முடியாது. அடுத்த பந்திக்காரர் நாற்காலியைப் பிடித்தபடி முதுகுக்குப் பின்னால் நிற்பதால் பேச்சை வளர்க்கவும் முடியாது.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் இப்படிப்பட்ட மேலோட்டமான பழக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பந்தியைப் பற்றி அல்ல, பாவம். பாஸ்டனை ஒட்டிய நியூட்டனில், தெரிந்தவர் மூலம் வேலை பிடித்தவர்களை விசாரித்தார். வாரம் இரண்டு முறையாவது பார்க்கிற ஆள் வழியாக வேலை பெற்றவர்கள் நூற்றுக்குச் சுமார் 17 பேர்தான். மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது தட்டுப்படுகிற ஆள்தான் வழிகாட்டியிருக்கிறார். கூடவே திரிகிறவனுக்குத் தெரிந்த சேதி நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் சேதி வேறு கூட்டத்திலிருந்துதான் வர வேண்டும். கல்யாணத்துக்குக் கல்யாணம் மட்டும் பார்க்கிற ஒன்றுவிட்ட சித்தப்பாவுக்கு அங்கே இருக்கிறது மவுசு.

ஆனால் எடுத்த எடுப்பில் தொழிலைப் பேசக் கூடாது. சாம்பாருக்கு “எந்த ஊரு?”, ரசத்துக்கு “மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?” விசிட்டிங் கார்டு வேலைக்காகாது. வலது கை எச்சில்; இடது கையால் நீட்டினால் வந்த வாய்ப்பும் போய்விடும்.

நாகர்கோவில் கல்யாணம் ஒன்றில் பக்கத்து இலைக்காரர் பாயசம் வரை வாயே திறக்கவில்லை. பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கினார். நானும் நொறுக்கினேன்.

“அப்பளம் பிரமாதம் அண்ணாச்சி.”

“நம்ம கம்பெனிதான்” என்றார், முதன்முதலாக முகம் மலர்ந்து.

“லேபிள் யாரு அடிக்கா?”

“அதை ஏன் கேக்கிய? கலர் கையில ஒட்டுதுன்னு கடைக்காரன் எல்லாம் ஏசுதான்.”

மோரைக் குடிக்காமலே எழுந்தேன். கை கழுவுகிற இடத்தில் கார்டு கைமாறியது. மறுவாரமே ஆர்டர் வந்தது.

ரேட்டில்தான் அடித்துப் பேசினார்: “பக்கத்து இலையில உக்காந்து சாப்பிட்டவன்கிட்டயா தம்பி லாபம் பாப்பீங்க?”